பெட்டிக்குள் பாகாலா

ஸ்டீவன் பேரில் கம்பெனி எழுதி வைத்திருந்த கடன் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அவன் கை நீட்டி வாங்கிய கடன் இல்லை. பாகாலாவில் இன்டர்நெட் லைன் விட்டு விட்டுப் போகிறது, ஸ்டீவன் போட்ட ஒட்டு சரியில்லை, அதனால் கம்பெனிக்கு ஆன நஷ்டம் இவ்வளவு என்று மேனேஜர் ஹரிபாபு எழுதிய கணக்கு. நவம்பரிலிருந்து மாதம் இரண்டாயிரம் சம்பளத்தில் பிடித்தார்கள். ஏப்ரலோடு ஆறு மாதம் ஆயிற்று. அதில் ஒரு ரூபாய்கூட அவன் செய்த தப்புக்கு இல்லை. தப்பு நான் செய்தது. அது எனக்கே தெரியவந்தது மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. தெரிந்த பிறகு நான் செய்தது அதைவிட மோசம்.

ஒட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்குப் போகும் ஃபைபர் ஒயருக்குள் தலைமயிர் மாதிரி ஒரு கண்ணாடி இழை இருக்கும். அறுந்தால் முடிச்சுப் போட முடியாது. இரண்டு முனையையும் துடைத்து, நறுக்கி, ஒரு சின்ன மெஷினில் நேருக்கு நேர் வைத்து, மின்சாரப் பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். சித்தூர் ஆபீசில் அந்த மெஷினைத் தொட விட்டது ஸ்டீவன் ஒருவனைத்தான். மிஷன் காம்பவுண்டு ஆள், நாற்பத்து நாலு வயசு, பேச்சு கொஞ்சம், வேலை சுத்தம். நான் அவனுக்கு ஜோடி. கம்பம் ஏறுவது, ஒயர் இழுப்பது, வீட்டுக்குள் போய் மோடம் மாட்டுவது என் பாடு. ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் போனோம். அவன் ஓட்டுவான், நான் பின்னால் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்காருவேன்.

போன வருஷம் செப்டம்பரில் ரோடு அகலப்படுத்தியபோது பாகாலாவுக்குப் போகும் மெயின் ஒயர் அறுந்தது. ஸ்டீவன் ஒட்டினான். அக்டோபரில் தொல்லை ஆரம்பித்தது. சில வீடுகளில் லைன் வரும், போகும், தானாகத் திரும்ப வரும். ஒட்டு கெட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். டிசம்பரில் வெட்டி மறுபடி ஒட்டினான். மாறவில்லை. பகலில் நாங்கள் போய்ப் பார்த்தால் லைன் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் ஜனங்கள் வேலை விட்டு வீடு வந்து சேர்ந்ததும் ஃபோன் மேல் ஃபோன். எத்தனை வீடு, எந்த வீடு என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பாகாலா கெட்டுப்போச்சு என்பதுதான் பேச்சு.

முதலாளிக்கு ராமகுப்பம் பக்கம் லைன் இழுக்க ஆசை. பாகாலா தொல்லை என்னவென்று தெரியாமல் புது ஊரில் காசு போட மாட்டேன் என்று சொல்லி, புத்தூர்க்காரப் பெண் ஒருத்தியைத் திருப்பதி ஆபீசுக்கு வரவழைத்தார். பெயர் தாட்சாயணி. இஞ்சினீயர். ஹரிபாபு எனக்கு ஃபோன் பண்ணினார்.

"ஏமய்யா துலுக்காணம், நாளைக்கு திருப்பதி போ. மேடம் கன்டெய்னர் லேப் போடறாங்க. மோசுறது, தூக்கறது, மாட்டறது எல்லாம் நீ பாத்துக்கோ. பாகாலா கம்பம் கம்பமா தெரிஞ்சவன் நீதானே."

கன்டெய்னர் என்றதும் நான் நெடுஞ்சாலையில் போகிற லாரியை நினைத்துக்கொண்டு, தாம்புக்கயிறு, கோணி, இரண்டு ஜோடி கையுறை எல்லாம் எடுத்துப் போனேன். மாடிப்படியில் நின்ற தாட்சாயணி என் தோளைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, கிணத்துல தூர் வார வந்தீங்களா?"

"கன்டெய்னர் எறக்கணும்னாங்க மேடம்."

அவள் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் முகம் பார்த்து, "மன்னிச்சுக்குங்கண்ணா, பேரு வச்சவன் மேல தப்பு" என்றாள். "நம்ம கன்டெய்னரெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பெட்டிக்குள்ள இருநூறு அடைச்சிடுவேன் பாருங்க."

பெட்டி என்றது ஒரு பழைய சர்வர். கனமாக இருந்தது. அதை மாடிக்குத் தூக்கினேன், எர்த் ஒயர் இழுத்தேன், ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில் பைப் வைத்தேன். மே மாசம், அந்த அறைக்குள் மட்டும் குளிர். வேலை முடிந்து கிளம்பினவனை அவள் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"நிஜ வீட்டு லைனை வெட்டி வெட்டிப் பாத்தா ஜனம் சும்மா வுடுமா? அதனால பாகாலாவை இதுக்குள்ள கட்டிடறோம். ஒரு வீட்டு மோடம் ஒரு கன்டெய்னர். தனித்தனியா மூடின டப்பா மாதிரி, ஒண்ணுல நடக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது. நம்ம ஆபீசுல எல்லா மோடத்துக்கும் கதவு தொறக்குதே ஒரு பெரிய மெஷின், அதுவும் இதுக்குள்ள ஒரு டப்பா. உள்ள எது கெட்டாலும் வெளிய ஒருத்தருக்கும் நஷ்டமில்ல. நீங்க தெருவச் சொல்லுங்க, நான் வீடு கட்டறேன்."

நான் சொன்னேன். ஸ்டேஷன் பின்தெரு, நாலாவது கம்பம், எட்டு வீடு. பால் டெப்போ சந்து, வளைவு தாண்டி அஞ்சு. சர்ச்சுக்கு எதிர் வரிசை, ஒயர் புளியமரத்தை உரசிக்கொண்டு போகும், அங்கே ஆறு. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள், திரையில் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. இரண்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. என்னை யாரும் இப்படி உட்கார வைத்துக் கேட்டதில்லை. பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு அவள் அந்த ஊரை இம்சை பண்ண ஆரம்பித்தாள். கரண்டை நிறுத்தினாள். ஒயரை மடக்கின மாதிரி பண்ணினாள். மழை பெய்து ஈரம் இறங்கின மாதிரி பண்ணினாள். சாயங்காலக் கூட்டத்தைக் காலையிலேயே கொண்டுவந்தாள். புள்ளிகள் எல்லாம் சிவப்பாகும், மறுபடி ஒவ்வொன்றாய்ப் பச்சையாகும், அதோடு சரி. நிஜப் பாகாலாவில் நடந்தது ஒருதரம்கூட வரவில்லை.

"என் பாகாலா ரொம்ப நல்ல ஊரா இருக்குதுண்ணா" என்றாள். "எதையோ நான் உள்ள வைக்கல."

அந்தப் புதன்கிழமை, டீ குடித்துக்கொண்டே, கதவு மெஷின் ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது என்று சொன்னாள். "ஒவ்வொரு மோடத்துக்கும் செய்யும்போதே ஒரு நம்பர் போட்டுடுவாங்க. அடியில ஸ்டிக்கர்ல இருக்குமே, பன்னெண்டு எழுத்து. அந்த நம்பர் ஒலகத்துல வேற எதுக்கும் இருக்காது."

"ரெண்டு மோடத்துக்கு ஒரே நம்பர் இருந்தா மேடம்?"

"இருக்காதுண்ணா."

"இருந்தா?"

"இருந்தா ரெண்டுல ஒண்ணுதான் உள்ள நிக்க முடியும். புதுசா கதவு தட்டினவன உள்ள வுட்டுட்டு, இருக்கறவன வெளிய தள்ளிடும். தள்ளுப்பட்டவன் சும்மா இருப்பானா, மறுபடி தட்டுவான். இவன் வெளிய போவான். விடிய விடிய இதே கூத்துதான்." கோப்பையை வைத்தாள். "ஆனா அப்படி யாரு வேலையத்து பண்ணப்போறாங்க?"

என் கை சட்டைப்பையில் இருந்த ஃபோன் உறைக்குப் போயிற்று.

நான் நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன். தெலுங்கு எழுத்தை அரசாங்க வகுப்பில் கற்றேன், தமிழை பஸ் போர்டிலும் சுவரொட்டியிலும் பழகினேன். இங்கிலீஷில் எனக்கு இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஆறே எழுத்து, ஏ முதல் எஃப் வரை. மோடம் நம்பரில் இலக்கங்களோடு அந்த ஆறுதான் வரும். அதிலும் எட்டும் பியும் பொடி எழுத்தில் எனக்கு ஒன்றாகத் தெரியும்.

எங்கள் ஆபீசில் ஒவ்வொரு வீட்டு லைனையும் அந்த வீட்டு மோடம் நம்பரோடு பூட்டி வைத்திருப்பார்கள். மோடம் மாற்றினால் சித்தூருக்கு ஃபோன் செய்து புது நம்பரைச் சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் பாட்டு பாடிக்கொண்டே இருக்கும், ஆள் எடுக்க மாட்டார்கள். அதனால் லைன்மேன்கள் எல்லாருமே ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். பழைய மோடத்து நம்பரைப் புது மோடத்துக்குள் தட்டிவிடுவோம். பூட்டு ஏமாந்துவிடும். இதில் கெடுதல் இல்லை, ஒரு வீட்டு நம்பர் அதே வீட்டில்தான் இருக்கும்.

போன அக்டோபரில் பாகாலாவில் இடி விழுந்து ஒரே நாளில் ஏகப்பட்ட மோடம் வெந்துபோயிற்று. ஸ்டிக்கர் எல்லாம் கருகிக் கிடந்தது. புது மோடத்து ஸ்டிக்கரோ பொடி எழுத்து, என்னால் படிக்க முடியவில்லை. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன், "எனக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று எப்படிக் கேட்பது? லைன்மேன்கள் சோதிப்பதற்கென்று ஆபீசில் ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். எந்த வீட்டுப் பூட்டும் அதற்குத் திறக்கும். சோதித்துவிட்டு எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அந்த நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி ஃபோன் உறைக்குள் வைத்திருந்தேன். முதல் வீட்டில் அதைத் தட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. எடுக்காமல் வந்துவிட்டேன். அடுத்த வீட்டிலும் அப்படியே. அன்றைக்குப் பதினோரு வீடு. சாயங்காலம் ஹரிபாபு, "ஒரே நாள்ல பதினொண்ணா, பலே!" என்று முதுகில் தட்டினார். ஆபீசில் அந்த நம்பர் எங்கே தெரிந்தாலும், லைன்மேன் சோதிக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் ஏழு மாதம் யார் கண்ணிலும் படவில்லை.

பதினோரு வீடு மூன்று தெருவில். கதவு மெஷினில் தெருவுக்கு ஒரு வாசல். ஒவ்வொரு தெருவிலும் மூன்று நாலு பேர் ஒருவரை ஒருவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பகலில் ஒருத்தர் வீட்டில்தான் மோடம் போட்டிருப்பார்கள், சண்டை இல்லை. சாயங்காலம் எல்லாரும் போடுவார்கள். அதற்கு ஸ்டீவன் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எதிரில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, வேலை போனால் வேறு யார் கம்பம் ஏறக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். சீட்டை உள்ளேயே வைத்துக்கொண்டேன். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் அவள் வராத தொல்லையைத் தேடித் தேடி அந்தப் பொம்மை ஊரை உலுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கம்பங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாசெஞ்சர் ஏறி பாகாலா போனேன். யாருக்கும் தெரியாமல் பதினோரு மோடத்தையும் சரிசெய்துவிட்டால் தொல்லை நின்றுவிடும், ஸ்டீவனுக்குப் பிடிப்பதும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். ரயிலில் இருக்கும்போது ஸ்டீவனே ஃபோன் பண்ணினான். சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"எங்கண்ணா இருக்கற? நேத்து மூணாவது தடவ வெட்டி ஒட்டிட்டேன், உன் எடத்துல கிரண்குமார ஜோடியா வச்சுக்கினு. இதான் கடைசி சான்ஸுன்னுட்டாரு ஹரிபாபு சார்."

"திருப்பதியிலதாம்பா இருக்கேன்" என்றேன்.

ஒவ்வொரு வீடாகப் போய் அந்த நம்பரை அழித்துவிட்டு, மோடத்தின் சொந்த நம்பரை சித்தூருக்குச் சொன்னேன். ஆபீசில் அன்று ஃபோன் எடுக்கிற ஸ்ரீதேவி தனியாக இருந்தாள். "இன்னாண்ணா, இன்னிக்கும் இடி வுழுந்துச்சா? ஒண்ணு மேல ஒண்ணா சொல்லிக்கினே கீறீங்க" என்றாள். நாலாவது வீடு யசோதா என்கிற அம்மாவுடையது. வீட்டிலிருந்தபடி ஏதோ கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவர். இந்தத் தடவை நான் வெட்கப்படவில்லை. மோடத்தைத் திருப்பி, "இத்தப் படிங்கம்மா, எனக்குப் பொடி எழுத்து வராது" என்றேன். படித்தார். அழித்தேன், ஸ்ரீதேவிக்குச் சொன்னேன், விளக்கு எரிந்தது.

"அவ்ளோதானா?" என்றார். "ஏழு மாசமா ஒயர வெட்டறீங்க, ஒட்டறீங்க. அந்தக் கிறிஸ்தவரு வர்றப்பல்லாம் கை கூப்பி மன்னிச்சுக்குங்கம்மான்னு சொல்ட்டுப் போவாரு. நான்கூட ஒருநாள், கைக்கு வேலை தெரியலன்னா வேற வேலைக்குப் போய்யான்னு கேட்டுட்டேன். அதுக்கும் கை கூப்பினாரு."

மோர் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன், பாகாலாவிலிருந்து ஒரு ஃபோன்கூட இல்லை. வியாழக்கிழமை ஹரிபாபு ஸ்டீவனையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நேராக மாடிக்கு வந்தார்.

"மேடம், பாகாலா அயிப்போயிந்தி! முடிஞ்சது. மூணாவது ஒட்டு புடிச்சிக்கிச்சு. இனிமே நீங்க ராமகுப்பம் கட்டுங்க." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "முதல் ரெண்டு ஒட்டும் தப்புன்னு இப்போ ப்ரூஃப் ஆயிடுச்சு இல்ல. ஸ்டீவன் கையெழுத்துப் போடணும். பாக்கி ஆறாயிரத்து அறுநூத்து நாப்பதும் இந்த மாசமே புடிச்சுக்கலாம். மெஷினு இனிமே கிரண்குமாருக்கு. இவரு கம்பம் பாத்துக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ரகசியமாகச் சரிசெய்ததே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஸ்டீவன் உள்ளே வரவில்லை. படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏசியில குந்திக்கினு கலராயிட்டண்ணா நீ" என்றான், சிரித்தான். பிறகு தன் வலது கையை முன்னால் நீட்டி விரலைப் பார்த்தான். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மூணு தடவையும் ஒரே மாதிரிதான் ஒட்டினேன். வேற ஒண்ணும் பண்ணல. ஆனா மூணாவதுதான் நின்னுச்சு. அப்போ முன்ன ரெண்டு தடவ கை நடுங்கியிருக்கணும், எனக்குத் தெரியல. தபிதா கண்ணு டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லிக்கினு இருக்குது. கண்ணாடி போட்டா திரும்ப மெஷினு குடுப்பாங்களாண்ணா?"

தபிதா அவன் மனைவி. நான் அவன் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்தக் கையை நான் பார்க்கிறேன்.

"கையெழுத்துப் போடாத" என்றேன்.

"ஏன்?"

"மேல வா."

அறைக்குள் ஹரிபாபு தாட்சாயணியின் நாற்காலியில் உட்கார்ந்து ராமகுப்பம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஃபோன் உறையைக் கழற்றி சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"மேடம், பாகாலாவுல ஒண்ணு உள்ள வைக்காம வுட்டுட்டீங்கன்னு சொன்னீங்களே. அது இதான். இந்த நம்பர ஸ்டேஷன் பின்தெருவுல நாலு வீட்டுக்கும், டெப்போ சந்துல நாலுக்கும், சர்ச்சு எதிர்ல மூணுக்கும் வைங்க."

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஹரிபாபுவை எழுந்திருக்கச் சொல்லி உட்கார்ந்து தட்டினாள். பதினோரு டப்பா. "சாயங்காலம் ஏழு மணி வைக்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பொத்தானைத் தட்டினாள்.

ஸ்டேஷன் பின்தெருவில் ஒரு புள்ளி பச்சை, மூன்று சிவப்பு. கண் இமைப்பதற்குள் பச்சை செத்தது, பக்கத்துப் புள்ளி பச்சையானது. அதுவும் செத்தது. டெப்போ சந்திலும் அப்படி, சர்ச்சு எதிரிலும் அப்படி. மற்ற இருநூற்றொரு வீடும் அசையாமல் நின்றன. ஏழு மாதம் நாங்கள் கேட்ட புகார் எல்லாம் அங்கே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

"இதேதான்" என்றாள் தாட்சாயணி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "புதன்கிழமை கேட்டீங்களே, ரெண்டுக்கு ஒரே நம்பர் இருந்தா என்னன்னு. அப்பவே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ஒரு வாரம் என்னை இந்தத் தெருவையெல்லாம் சுத்த வச்சு வேடிக்கை பாத்தீங்க."

நான் செய்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்: இடி விழுந்த நாள், கருகின ஸ்டிக்கர், எட்டும் பியும், ஞாயிற்றுக்கிழமை. சோதனை நம்பருக்கு எல்லாப் பூட்டும் திறக்கும்படி வைத்தது ஹரிபாபுதான். அது அவருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்கும், தாளை மெதுவாக மடித்தார்.

ஸ்டீவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மேடம், அப்போ என் ஒட்டு?"

"உங்க ஒட்டு மூணும் நல்லாத்தான் இருந்துச்சு."

"சார் காதுல வுழற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

அவள் சொன்னாள். ஹரிபாபு, "சரே, சரே, அர்த்தமயிந்தி, புரிஞ்சிது" என்றார்.

ஸ்டீவன் என்னிடம் திரும்பினான். கோபமாகத்தான் பேசுவான் என்று தயாராக நின்றேன். குரல் ஏறவே இல்லை.

"ஞாயித்துக்கிழம ஃபோன் பண்ணேனே. திருப்பதியில இருக்கேன்னு சொன்ன."

"பாகாலாவுக்குப் போய்க்கினு இருந்தேன்."

"நான் சர்ச்சுல முழங்கால் போட்டு, ஆண்டவரே இந்த ஒட்டாவது நிக்கட்டும்னு கேட்டுக்கினு இருந்தேன். நீ அங்க அழிச்சுக்கினு இருந்த."

அண்ணா என்ற சொல் அதில் இல்லை. அதற்குப் பிறகும் அவன் வாயில் வரவில்லை.

"தெரியாம செஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றான். "எனக்கும் கம்பம் ஏறத் தெரியாதப்ப நீதான் ஏறின. எழுத்து படிக்க என்னைக் கூப்பிட்டிருந்தா வந்து படிச்சிருப்பேன். ஆனா புதன்கிழமலேர்ந்து இப்ப வரைக்கும்... படியில என் கையப் பாத்துக்கினு குந்தியிருந்தியே." தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஹரிபாபு நெற்றியைத் தேய்த்தார். "பாக்கி ஆறாயிரத்து அறுநூத்து நாப்பது கேன்சல். மெஷினு அவர்கிட்டயே இருக்கட்டும். ஆனா புடிச்ச பன்னெண்டாயிரம் கம்பெனிக் கணக்குல போயிடுச்சு. ஆடிட் முடிஞ்சிது. திரும்ப எடுக்க முடியாது."

"அந்த நம்பரத் தொறந்து வச்சது யாரு சார்?" என்றாள் தாட்சாயணி.

அவர் மடித்த தாளைப் பைக்குள் வைத்தார்.

"நான் குடுக்கறேன் சார்" என்றேன். "மாசம் ரெண்டாயிரம். ஸ்டீவன் சம்பளத்துல புடிச்ச மாதிரியே."

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் ஹரிபாபு பெயரும் வரும். புத்தூர் லைனுக்கு மாற்றினார்கள். என் சம்பளத்தில் பிடித்து அவனுக்குக் கொடுக்க ஆபீசில் வழி இல்லாததால், மாதாமாதம் முதல் வாரம் நானே சித்தூருக்குக் கொண்டுவந்து ஸ்ரீதேவி முன்னால் வைப்பது, அவள் நோட்டில் எழுதுவது, ஸ்டீவன் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சோதனை நம்பரை அன்று சாயங்காலமே மூடிவிட்டார்கள். தாட்சாயணி தன் பெட்டிக்குள் ராமகுப்பம் கட்டப் போனாள். கம்பம் சொல்ல வேறு ஆளைக் கூப்பிட்டாள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். நான் வரும்போது ஸ்டீவன் பெரும்பாலும் லைனில் இருப்பான். ஸ்ரீதேவி வாங்கி வைத்துக்கொள்வாள், அவன் பிறகு வந்து எடுப்பான். அவனை நேரில் பார்த்தால் பேச ஏதாவது வேண்டுமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசிப்பேன். தபிதா எப்படி இருக்குது என்று கேட்கலாம், பெண் பிளெஸ்ஸி காலேஜ் சேர்ந்துவிட்டதா என்று கேட்கலாம். பார்க்காமலே திரும்பும்போது கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும். அதுவும் உண்மை.

நவம்பரில் ஆறாவது தவணை. நான் போனபோது அவன் அங்கேயே நின்றிருந்தான், மெஷின் பை தோளில். கீழே வண்டியில் கிரண்குமார் ஏணியோடு காத்திருந்தான்.

"ரெண்டு பேரும் இருக்கீங்க, நல்லதாப் போச்சு" என்றாள் ஸ்ரீதேவி. "கைக்குக் கை குடுத்துடுங்கண்ணா, எனக்கு ஒரு வேலை மிச்சம்."

இருநூறு ரூபாய் நோட்டு பத்து. நீட்டினேன். வாங்கினான். ஒவ்வொன்றாக எண்ணினான். எண்ணி முடித்து, நுனி விரலை நாக்கில் தொட்டு, முதலிலிருந்து மறுபடி எண்ணினான். ஒன்பது வருஷத்தில் நான் கொடுத்த எதையும் ஸ்டீவன் எண்ணிப் பார்த்ததில்லை. டீக்காசு, பெட்ரோல் காசு, ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு என்று கொடுத்த ஐயாயிரம், எல்லாவற்றையும் அப்படியே சட்டைப்பையில் போட்டவன்.

"சரியா இருக்குது" என்று ஸ்ரீதேவியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அவள் ஸ்கேல் வைத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, கீழே 'பாக்கி இல்லை' என்று எழுதினாள். எழுத்தைப் படித்தேன். ஸ்டீவன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை நான் மேஜைப் பக்கத்திலேயே நின்றேன். பிறகு புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்ரீதேவிதான் சொன்னாள்.